பின்மண்டைப் பட்டன்

தணிகாசலம் சலூன்ல ஒரு டேபிள் ஃபேன் இருந்துச்சு. சேர்ல உக்காந்தவருக்குக் காத்து வீசுறதுதான் அதுக்கு வேலை. ஆனா கொஞ்ச நேரம் அவரப் பாக்கும், உடனே தலை பெஞ்சுப் பக்கம் போயிடும். வெட்டின முடியெல்லாம் காத்திருக்கிறவங்க மேல பறக்கும். தணிகாசலம் அது தலையில ஒண்ணு போடுவாரு.

"ஒரு ஆளையாவது ஒழுங்காப் பாக்குறியாடா?"ன்னு மேலேருந்து சீலிங் ஃபேன் திட்டும்.

"நாளைலேருந்து நேராப் பாக்குறேண்ணே"ன்னு டேபிள் ஃபேன் சத்தியம் பண்ணும். சொல்லும்போதே தலை திரும்பிக்கும்.

கடைசியில அதைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு தணிகாசலம் முடிவு பண்ணிட்டாரு. அதுக்கு முன்னாடி ஒரு தடவை மெக்கானிக்கக் கூப்பிட்டுக் காட்டினாரு. அவரு ஃபேனோட பின்மண்டையச் சுரண்டினாரு. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அப்பின சந்தனம் பொலபொலன்னு உதிர்ந்துச்சு. உள்ள ஒரு பட்டன்.

"இது திரும்புற ஃபேனுண்ணே. பட்டனத் தூக்கினா நேரா நிக்கும், அமுக்கினா திரும்பும்."

டேபிள் ஃபேன் கேட்டுச்சு, "அப்போ நான் திமிரு புடிச்சவன் இல்லையா? இத்தன வருஷம் வாங்கின அடியெல்லாம்?"

"ஆமா, இப்பல்லாம் ஆளாளுக்கு ஒரு பட்டன் சொல்லிக்கிறாங்க. நானுந்தான் நாள்பூரா சுத்துறேன், யாருகிட்டயாவது சொன்னேனா?"ன்னுச்சு சீலிங் ஃபேன்.

தணிகாசலம் பட்டனத் தூக்கி விட்டாரு. டேபிள் ஃபேன் முடி வெட்டும்போது நேராப் பாத்துச்சு. வெட்டி முடிஞ்சு அவரு பட்டன அமுக்கினதும் கூச்சமே இல்லாம பெஞ்சுப் பக்கம் தலையத் திருப்புச்சு.

சாயங்காலம் கடையில யாரும் இல்லாத நேரமாப் பாத்து, சீலிங் ஃபேன் மெதுவாக் கேட்டுச்சு.

"டேய், எனக்கும் சின்ன வயசுலேருந்து ஒரு கடகட சத்தம் இருக்குடா. அந்த மெக்கானிக் மறுபடி எப்ப வருவாரு?"