இரண்டு வாய்க்கு ஒரு துண்டு

“எப்பலேருந்து இப்படி ஊத்துது?” என்று நாய் டாக்டர் கேட்டார்.

“என் தங்கச்சி வந்துட்டுப் போனாளே, அந்த வாரத்துலேருந்து. நாலு மாசம் இருக்கும்” என்றாள் தையல்காரி.

மேசைமேல் நின்றிருந்த நாயின் வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கி, விரித்திருந்த காகிதத்தை நனைத்தது. வீட்டில் அதற்குப் பெரிய மனுஷன் என்று பெயர். நடையும் முகமும் அப்படி. அந்தப் பெரிய மனுஷனுக்கு இப்போது பால்குடிப் பிள்ளைக்குக் கட்டுவதுபோல் கழுத்தில் ஒரு துண்டு கட்டியிருந்தது.

அவளிடம் காரணம் தயாராக இருந்தது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக்கு ஊரையே ஏற்றி இறக்கியவர், பக்கவாதம் வந்து ஒரு வருடமாகக் கட்டிலோடு கிடக்கிறார். வாயின் இடது ஓரம் வடிந்துகொண்டே இருக்கும். நாய் அவர் காலடியை விட்டு நகராது. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள், எச்சிலோடு சேர்ந்தது வேறென்ன செய்யும்? அவருக்கென்று வெட்டுத்துணியில் தைத்த துண்டு இரண்டு வாய்க்கு ஆன கதையை அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தும் இருக்கிறாள். சிரிப்பதற்கு அந்த வீட்டில் வேறு எதுவும் மிச்சமில்லை.

“அவரைப் பாத்துத்தான் பழகிடுச்சு டாக்டர்.”

டாக்டரும் சிரித்துவிட்டார். “ஒரு நாய் குரைச்சா இன்னொண்ணு குரைக்கும்மா. ஒண்ணு குழி தோண்டினா பாத்துட்டு இன்னொண்ணும் தோண்டும். எச்சில் அப்படியெல்லாம் பாத்து வராது. பசி, பல்வலி, குமட்டல், இல்லேன்னா வாயில கசப்பு. இதுல ஏதோ ஒண்ணுதான்.”

நாயின் வாயைப் பிளந்து பார்த்தார். பல்லில் குறை இல்லை. கடைவாய் ஈறோரமாக மட்டும் இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. பஞ்சில் ஒற்றி எடுத்து அவளிடம் காட்டினார்.

“வீட்ல யாராவது மாத்திரை சாப்பிடுறாங்களா?”

அந்த நிறம் அவளுக்குத் தெரியும். காலையிலும் மதியத்திலும் ஸ்பூனால் நசுக்கி, வாழைப்பழத்தில் பிசைந்து அவள் ஊட்டுகிற மாத்திரை.

ஊட்டி முடித்ததும் ஸ்பூனைக் கழுவச் சமையலறைக்குப் போவாள். அந்த அரை நிமிடம் அவருக்குப் போதும். கன்னத்தில் அடக்கி வைத்திருப்பதை நல்ல கையில் துப்பிக் கட்டிலுக்குக் கீழே நீட்டினால், கசந்தாலும் பழமாயிற்றே, அவர் கையாயிற்றே, பெரிய மனுஷன் நக்கிவிடும்.

ஒரு முன்னேற்றமும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் போன மாதம் மாத்திரையை இரட்டிப்பாக்கினார்கள். அதிலிருந்துதான் நாய்க்குத் துண்டு போதாமல் போனது.

“பயப்படாதீங்க. மாத்திரை உள்ள போகாம பாத்துக்குங்க, நாலு நாள்ல சரியாயிடும்” என்றார் டாக்டர்.

நாயை நடத்திக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். தங்கச்சி வந்த வாரம் என்று அவள் வாயாலேயே சொன்னது பாதி வழியில்தான் உறைத்தது.

அன்று சமையலறையில் தங்கை கேட்டாள், இன்னும் எத்தனை நாளைக்குக்கா இப்படி என்று. முதுகு விட்டுப்போன வலியில் இவள் சொன்னாள்: “போய்ச் சேந்துட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதிடி.” சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தாள்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பது சும்மாவா? தெருவென்றும் பாராமல் அவளுக்கு அழுகை வந்தது. நாய் நின்று அவளை நிமிர்ந்து பார்த்தது.

மதிய மாத்திரையைப் பிசைந்து எடுத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்து, “எ... என்ன?” என்றார்.

மன்னித்துவிடுங்கள் என்று காலைப் பிடிக்கத்தான் வந்திருந்தாள். எனக்காகச் சாப்பிடுங்கள் என்பது தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

“ஏங்க, இது வயித்துக்குள்ள யாரோ சாப்பிடுற மாத்திரை போயிருக்காம். இன்னும் ரெண்டு தடவை போனா செத்துடும்னு டாக்டர் கையை விரிச்சுட்டார்.”

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அவர் கண்ணில் நீர் கோத்தது. நாயைப் பார்த்தார். பிறகு நல்ல கையைத் தானாகவே போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். வாயைத் திறந்தார்.

முதல் ஸ்பூனை விழுங்கினார். இரண்டாவதையும் விழுங்கினார். பிறகு மருந்து குடித்த பிள்ளைபோல் நாக்கை நீட்டிக் காட்டினார்.

அவள் ஸ்பூனைக் கழுவப் போகவில்லை. எனக்காக என்று கேட்டிருந்தால் அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார். இந்த நான்கு மாதமும் அவளுக்காகத்தான் விழுங்காமல் இருந்தார்.