தம்பியின்ரை தொட்டி

"உது என்ன பத்மா, மூலைக்குள்ளை? தண்ணியெல்லாம் பச்சையாய்க் கிடக்கு."

"அது தம்பியின்ரை மீன்தொட்டி. ஜேர்மனிக்குப் போகேக்கை விட்டிட்டுப் போனவன். எனக்கு அதைப் பற்றி ஒண்டும் தெரியாது."

இதைச் சொல்லும்போது பத்மாசினி கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை. கலியாணம் முடிந்து, குகநேசன் இணுவிலில் அவள் வீட்டோடு வந்து சேர்ந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அதற்குள் ஒரு பொய்.

பொய்யைச் சொல்லிக்கொடுத்தவள் தாய் அருமைநாயகி. உண்மையில் தொட்டி பத்மாசினியுடையது. தம்பியின் சைக்கிளில் ஏறிப்போய், கடலில் இறங்கி, முருகைக்கல் என்கிற உயிருள்ள பவளத் துண்டுகளும் மீனும் கொண்டுவந்து வளர்த்தவள் அவள்தான். கலியாணப் பேச்சு வந்ததும் தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

"தோட்டஞ் செய்யிற கமக்காரன் வீட்டுப் பெட்டை கடலுக்குள்ளை திரிஞ்சவள் எண்டு தெரிஞ்சால் ஆர் வந்து கட்டுவான்? இனி உதைத் தொடாதை. ஆரும் கேட்டால் தம்பியின்ரை எண்டு சொல்லு."

அவள் தொடவில்லை. கண்ணாடியில் பாசி படர்ந்தது. முருகைக்கற்கள் வெளிறின. கடைசியில் மிஞ்சியவை, வெள்ளைப் பட்டி போட்ட ஒரு செம்மஞ்சள் மீனும் அது ஒளிந்து வாழும் கடற்சாமந்தியும் மட்டுந்தான். பூப்போல விரிகிற அந்தப் பிராணி இப்போது கொட்டைப்பாக்கு அளவில் சுருங்கிக் கிடந்தது.

"பாவம், அதுகளும் உயிர்தானே. நான் பார்க்கிறன்," என்றான் குகநேசன்.

பார்க்கத்தான் தொடங்கினான். வங்கியில் வேலை செய்கிற மனுசன். மீனைக் குழம்புக்குள் கண்டதோடு சரி என்று அவனே சொல்லிச் சிரித்தான். தொட்டியில் தண்ணீர் வற்றியபோது கீரிமலையிலிருந்து கடல்நீர் கொண்டுவந்து ஊற்றினான். வற்றுவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே நிற்கும் என்பது அவனுக்குத் தெரியாதாக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவன் வேலைக்குப் போனதும் பத்மாசினி அதில் ஒரு வாளி அள்ளி வெளியே ஊற்றிவிட்டு, சேர்த்து வைத்திருந்த மழைத்தண்ணீரை விட்டாள். அவன் காலைச் சாப்பாட்டுக்கு வாங்கிய பாணைப் பிய்த்து மீனுக்குப் போட்டான். அவன் படலையைத் தாண்டியதும், ஊறிப்போன பாணைக் கரண்டியால் கோலி எடுத்து, இறாலைப் பொடியாக அரிந்து போட்டாள்.

ஒருநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். "பத்மா, சவுக்காரம் எங்கை? இந்தக் கல்லுகளை ஒருக்காத் தேய்ச்சுக் கழுவுவம்."

சவுக்காரம் பட்டால் தொட்டியில் ஒன்றும் உயிரோடு மிஞ்சாது. "சவுக்காரம் முடிஞ்சுபோச்சு."

"நேற்றுத்தானே ரெண்டு கட்டி வாங்கியந்தனான்?"

"அம்மா உடுப்புத் தோய்ச்சு முடிச்சுப்போட்டா."

அவன் வேட்டியை இறக்கிவிட்டுப் போனான். அரிசிப் பானைக்குள் ஒளித்த சவுக்காரத்தால் அன்று சோறு மணத்தது. அதையும் அவன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.

மெல்ல மெல்லத் தொட்டி தெளிந்தது. சாமந்தி விரல்களை நீட்டத் தொடங்கியது. "என்ரை கைராசி," என்று வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினான் குகநேசன். தேத்தண்ணீர்த் தட்டோடு பக்கத்தில் நின்ற பத்மாசினிக்கு, எல்லாவற்றையும் சொல்லிவிட வாய் உன்னும். ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று இந்த நல்ல மனுசன் நினைத்துவிட்டால்? தட்டை நீட்டிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் குசினியிலிருந்து கத்தியோடு வந்தான்.

"என்ன செய்யப் போறியள்?"

"இந்தப் பூ ஒரு ஓரத்திலை கிடக்கு. கல்லிலையிருந்து அறுத்தெடுத்து நடுவிலை வைச்சால் வடிவாயிருக்கும்."

கத்தி தண்ணீரைத் தொட்டது. பத்மாசினி ஒரு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மற்றக் கையை முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுச் சாமந்தியை மறைத்துக்கொண்டாள்.

"வேண்டாம். அடி கிழிஞ்சால் செத்துப்போகும். தனக்குப் பிடிச்ச இடத்துக்கு அது தானே ஊர்ந்து போகும். இந்தா, கல்லை இப்பிடி வெளிச்சத்துக்குத் திருப்பிவிட்டால் போதும்."

அவள் கை தானாகவே கல்லைத் திருப்பியது. குகநேசனைக் கண்டால் ஓடி ஒளிகிற மீன் அவள் விரல்களுக்கிடையில் புகுந்து புகுந்து விளையாடியது. அப்போதுதான் தான் என்ன சொன்னோம், என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. குசினியில் அருமைநாயகி தேங்காய் துருவும் சத்தமும் நின்றுபோனது.

கையை வெளியே எடுத்தாள். தண்ணீர் சொட்டியது.

"தொட்டி என்ரைதான்," என்றாள். "கடலுக்குப் போனதும் நான்தான். அம்மாவைக் குறை நினையாதேங்கோ. உங்களுக்குத் தெரிஞ்சால் கலியாணம் குழம்பிப்போம் எண்டு பயந்திட்டா. நானும் பயந்திட்டன்."

குகநேசன் கத்தியைக் கீழே வைத்தான். தோளில் கிடந்த துவாயை எடுத்து அவள் கையைத் துடைத்துவிட்டான்.

"அப்பாடா," என்றான். "பத்மா, நீரே உம்மடை கையை வைக்குமட்டும் பார்த்துக்கொண்டிருந்தனான். இனி வேணுமெண்டு என்ன பிழை விடுறது எண்டு தெரியாமல் முழிச்சுக்கொண்டு நிண்டனான்."

"அப்ப உங்களுக்குத் தெரியுமோ?"

"போன வருசம் எனக்கு மயிலிட்டிக் கடற்கரைப் பக்கம் வேலை. பாவாடையை ஏத்திச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணியிலை குனிஞ்சு, எதையோ கண்டு தன்ரைபாட்டிலை சிரிச்சுக்கொண்டு நிண்ட ஒரு பிள்ளையைக் கண்டனான். ஆரெண்டு விசாரிச்சு, கட்டினால் அவவைத்தான் எண்டு சொல்லி உங்கடை வீட்டுக்குப் புரோக்கரை அனுப்பினதே நான்தான்."