பின்பக்கத்துக் காலி மனை

வீட்டை விற்கக் கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். விற்றே தீருவேன் என்றார் என் கணவர். இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு பெரிய வீடாம்.

அதனால், பார்க்க யார் வந்தாலும் காரியத்தைக் கெடுப்பது என் வேலையாகிவிட்டது.

இன்று வந்தது கைக்குழந்தையோடு ஒரு சின்னஞ்சிறு ஜோடி. குழாய் ஒழுகும் என்றேன். எறும்புத் தொல்லை என்றேன். மொட்டைமாடி கொதிக்கும் என்றேன். எல்லாவற்றுக்கும் சிரித்தார்கள். வீடு பிடித்துவிட்டது போலிருக்கிறது.

"மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வருமா சார்?" என்றான் கணவன்.

யாரிடம் கேட்கிறான் பாருங்கள்! எங்கே கட்டடம் வரப்போகிறதோ அங்கே முன்னாடியே போய், மழைத்தண்ணீர் எப்படி வரும், எங்கே நிற்கும், எப்படி வடியும் என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் இவருக்குப் பிழைப்பு. முதன்முதலாக என் அம்மா வீட்டுக்கு வந்தபோதே, என் முகத்தைப் பார்க்கும் முன் முற்றத்துத் தண்ணீர் எங்கே போகிறது என்று எட்டிப் பார்த்த மனிதர். ஆரம்பித்தால் ஓய மாட்டார்.

"இதுவரைக்கும் வந்ததில்ல," என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

பொய்யில்லை. எந்த மழைக்கும் எங்கள் வாசற்படி நனைந்ததில்லை.

அந்தப் பெண் பின்னறை ஜன்னலைத் திறந்தாள். பின்னால் பள்ளமாகப் பெரிய காலி மனை. தெருத் தண்ணீரெல்லாம் அதில்தான் போய்க் குளமாக நிற்கும். ராத்திரி முழுக்கத் தவளைக் கச்சேரி, தூங்கவே முடியாது என்று எடுத்துவிட்டேன்.

"இனிமே தவளை ஏதும்மா? ஆளுயரத்துக்கு மண்ணடிச்சு அடுக்குமாடி கட்டப் போறாங்களே. ஒரு சொட்டு நிக்காதுன்னு சாரே எழுதிக் கொடுத்திருக்காராம். அதை நம்பித்தான் இந்தப் பக்கமே வீடு தேடுறோம்," என்றான் அவன்.

எனக்கு இது புதுச் செய்தி. வீட்டில் இவர் மூச்சு விடவில்லை.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, வாழ்நாளெல்லாம் இவர் ஊரைக் கேட்ட கேள்வியும் வந்தது. அங்கே நிற்காத தண்ணீர் எங்கே போகும்?

திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் பின்வாசல் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மனை மேடானால், இனிப் பள்ளம் எங்கள் வீடுதான்.

தரையில் இறக்கிவிட்ட குழந்தை அந்தப் படியை நோக்கித்தான் தவழ்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்த் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். என் சங்கிலியைப் பிடித்து இழுத்தது.

"ஏன் ஆன்ட்டி, இவனுக்கு எந்த ரூம் நல்லாருக்கும்?" என்றாள் அதன் அம்மா.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எங்களுக்கென்று இருப்பது இந்த ஒரு வீடுதான். சொல்லிவிட்டால் இனி எவன் வாங்குவான்?

"இதே ரூம்தாம்மா," என்றேன். "நல்லா குளுகுளுன்னு இருக்கும்."