ஜெபராஜுக்குச் செய்த ஏற்பாடு

“இதையும் எழுதிக்கோங்க” என்றார் ஜெபராஜ். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த வைஷ்ணவி பயபக்தியோடு எழுதிக்கொண்டாள்.

மூன்று மேசை தள்ளி சவரிநாதனின் வயிறு எரிந்தது. அந்த நெருப்பில் திருச்சி கே.கே. நகர் முழுவதற்கும் அப்பளம் சுட்டிருக்கலாம்.

வீட்டுப் பிளான் வரையும் அந்த ஆபீஸில் சவரிநாதனுக்குப் பதினோரு வருட சர்வீஸ். ஜெபராஜுக்கு நான்கே வருடம். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து ஜெபராஜுக்கு மட்டும் சொந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து வேலை செய்ய அனுமதி! அதைத் திறந்தால் வெளிச்சம் மலைக்கோட்டை வரை அடித்தது. சவரிநாதனின் ஆபீஸ் கம்ப்யூட்டரோ, ஆன் செய்துவிட்டு ஸ்ரீரங்கம் போய்த் திரும்பினாலும் பாஸ்வேர்டு கேட்காது.

மனைவி ரோசம்மாளுக்கு போன் போட்டார். “பழைய கம்ப்யூட்டரை அந்தப் பொண்ணு தலையில கட்டிட்டான். இவனுக்கு அசிஸ்டென்ட் வேற! சீனியர் சீட்டையும் இவனுக்கே குடுத்துடுவாங்க போலிருக்கு.”

“என்ன விஷயம்னு அவருகிட்டயே கேளுங்களேன்.”

“அவனோட பேசி ஒரு மாசமாச்சு. அவன் இருக்கான்னுதான் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பை விட்டே வந்தேன்!”

“அப்ப எரிஞ்சுக்கிட்டே இருங்க. டிபன் பாக்ஸ்ல தயிர் சாதந்தான்.”

மறுநாள் காலை, மகள் ஆஷ்லியின் காலேஜ் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். மூடியில் பதினெட்டுப் பூனை ஸ்டிக்கர்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரை வயரெல்லாம் உருவி, கைக்குழந்தை போல ஏந்திப் போய் மானேஜர் பானுமதியின் மேசையில் வைத்தார்.

“மேடம், ஜெபராஜுக்கு என்ன ஏற்பாடு பண்ணீங்களோ, அதையே எனக்கும் பண்ணணும். எழுதியே கொண்டாந்திருக்கேன்.”

பானுமதியின் முகம் வாடியது. “நல்லா யோசிச்சீங்களா சார்? வீட்டுல பேசிட்டீங்களா?”

“எல்லாம் பேசியாச்சு. அவருக்கு மட்டும்தான் அந்த ராஜ மரியாதையா?”

பானுமதி பெருமூச்சோடு அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். சவரிநாதனுக்கு அப்போது விட்டிருந்தால் காவிரியை ஒரே தாவாகத் தாண்டியிருப்பார்.

“சீனியர் சீட்டு உங்களுக்குன்னுதான் வெச்சிருந்தேன். சரி, உங்க இஷ்டம்” என்றபடி பானுமதி காலண்டரைப் புரட்டினார்.

“ஜெபராஜ் வெள்ளிக்கிழமையோட வேலையை விட்டு நின்னுக்கிறாரு, நீங்க என்னைக்கு சார்?”