கயிற்றுக்கு அடியில்

"சித்தப்பாவ விழ வெச்சவருக்கு நீ ஏம்ப்பா கயிறு பிடிக்கிற?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். பெயிண்டர் இப்போது ஏழாம் மாடிக்கு மேல், மொட்டை மாடியில் தனியாக நிற்கிறான். கீழே பலகையில் தொங்கியபடி அந்த மேஸ்திரி வெள்ளையடிக்கிறார். கயிறு அறுபடாமலிருக்கச் சுவர் விளிம்பில் வைத்த கோணித்துணி காற்றில் நழுவிவிட்டது. தூணில் கட்டிய கயிறு விளிம்புச் சிமெண்டில் உராய்கிறது, ஓர் இழை பிரிந்து நிற்கிறது. கோணி வைக்க அவர் மறந்த அன்றுதான் தம்பி விழுந்து செத்தான். இன்று இவன் சும்மா இருந்தால் போதும். "என்ன மாப்ளே, மேல தூங்கிட்டியா?" என்று கீழிருந்து சிரிப்பு வருகிறது. இரண்டடி விலகிப் போகிறான், திரும்பி வருகிறான். அன்று ரத்தம் ஒழுகிய தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அவர்தானே. "முழிச்சுதான் இருக்கேண்ணே, ஆடாம இருங்க" என்கிறான். சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கயிற்றுக்கு அடியில் திணிக்கிறான். வெற்று முதுகில் வெயில் ஏறுகிறது. அதைப் பார்க்க மாடியில் யாருமில்லை.