மைக் போச்சு, கேப்டன்!

“அது விரலா, முள்ளங்கியா யுன்மோ? ஓடுன்னா ஓட மாட்டியா?”

டேசொக் கத்திய கத்தலில் மற்ற நாலு பேரும் அவரவர் ஊரில், அவரவர் வீட்டில், காதிலிருந்த ஹெட்செட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

ஆன்லைன் விளையாட்டில் ஐந்து பேர் அணி; டேசொக்தான் கேப்டன். ஞாயிற்றுக்கிழமை மதியமானால் கம்ப்யூட்டர் முன்னால் ஆஜர். இன்று தகுதிச் சுற்று. மூன்று ஆட்டத்தில் ஒன்று ஜெயித்து, ஒன்று தோற்றாயிற்று. கடைசி ஆட்டத்தையும் ஜெயித்தால் பூசான் நகரத்தில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம்.

“ஸாரி அண்ணே. காட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்தவனை கவனிக்கல.”

“நீ எதைத்தான் கவனிச்சே? படிப்பு முடிச்சு ரெண்டு வருஷமாச்சு, இன்னும் ஒரு வேலை வெட்டி இல்ல. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? என்னைப் பாரு! காலையில டை கட்டினா சாயந்தரம் வரைக்கும் ஆபீஸ். மேனேஜர்! அந்த ஒழுங்கு வாழ்க்கையில இருந்தா ஆட்டமும் தானா வரும்.”

“ஆட்டத்தைப் பத்திப் பேசுங்கண்ணா. அவன் வேலையை எதுக்கு இழுக்கறீங்க?” என்றாள் நாரே. ஜின்ஜூ ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள்.

“அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன்!”

ஊருக்கு உபதேசம் செய்வதென்றால் டேசொக்குக்குச் சாப்பாடுகூட வேண்டாம்.

பத்து நிமிட இடைவேளை. டேசொக் ஹெட்செட்டைக் கழுத்தில் இறக்கிவிட்டு பார்லி டீயை ஒரு வாய் குடித்தார். கதவைத் திறந்துகொண்டு மனைவி ஹேசுக் வந்து நின்றாள்.

“என்னங்க, மூணாவது மாடி அம்மாவை லிஃப்ட்ல பார்த்தேன். நேத்து மத்தியானம் அவங்களுக்கு ஜஜாங் நூடுல்ஸ் கொண்டுவந்து கொடுத்தது நீங்கதானாமே?”

“நானா? ஹெல்மெட் போட்டா எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க.”

“போட்டிருந்தது ஹெல்மெட்னு நான் சொல்லவே இல்லையே!”

டேசொக் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஆபீஸ்ல வேலையை விட்டு எப்ப அனுப்பினாங்க?”

“மார்ச்ல.”

“அட பாவி மனுஷா! தினமும் உங்க சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தேனே. அந்தச் சட்டையோட போய் பைக்லயா சுத்தினீங்க?”

“எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உன்கிட்ட சொல்றது ஹேசுக்? இத்தனை வயசுக்கு மேல எவன் வேலை கொடுப்பான்?” சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார்.

“உழைக்கிறதுல என்னங்க கேவலம்? என்கிட்ட மறைச்சீங்களே, அதுதான் வலிக்குது. போதும், கண்ணைத் துடைங்க. நாளையிலேர்ந்து அந்த டை வேண்டாம். மழையில வழுக்கும், நல்ல ஷூ போட்டுக்கிட்டுப் போங்க.”

அவள் போய்விட்டாள். மனசு லேசாகிவிட்ட மாதிரிதான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெட்செட்டைக் கையில் எடுத்தார். மைக்கில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவருக்குப் பகீரென்றது. மைக்கை அணைக்கவே இல்லை! அழுதது உட்பட அத்தனையும் நாலு பேர் காதிலும் விழுந்திருக்கும். மானம் கப்பலேறிப் போச்சு. அதுவும் யுன்மோ! அந்தப் பையன் முகத்தில் இனி எப்படி விழிப்பது? பூசானும் வேண்டாம், அணியும் வேண்டாம் என்று கம்ப்யூட்டரை அணைக்கக் கை நீட்டினார்.

“அண்ணே... ஹலோ... இருக்கீங்களா?” ஹெட்செட்டிலிருந்து யுன்மோவின் குரல். “உங்க மைக் போச்சு போல. இடைவேளை விட்டதுலேர்ந்து ஒரு சத்தமும் வரலியே.”

நீட்டிய கை அப்படியே நின்றது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, நம்பாமல் தட்டச்சு செய்தார்: ‘பச்சை விளக்கு எரியுதே?’

“விளக்கு எரிஞ்சா ஆச்சா? எனக்கும் போன மாசம் இப்படித்தான். விளக்கு எரியும், சத்தம் வராது,” என்றாள் நாரே.

“ஆமாமா, ஒண்ணும் கேக்கல,” என்றார்கள் மற்ற இருவரும்.

“நீங்க எழுதியே சொல்லுங்கண்ணே, நாங்க பார்த்துக்கறோம். நீங்க வழி சொல்லலேன்னா எங்களால ஜெயிக்க முடியாது,” என்றான் யுன்மோ.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது டேசொக்குக்கு. மகராசன் எவன் செய்த மைக்கோ, நல்ல நேரத்தில் கெட்டது!

கடைசி ஆட்டம் தொடங்கியது. ‘இடது பக்கம்’, ‘நாரே முன்னால போ’ என்று எழுத்துப் பிழையும் அவசரமுமாக எழுதித் தள்ளினார். நாலு பேரும் எதிரிக் கோட்டையை நெருங்கிவிட்டார்கள். யுன்மோதான் முன்னால்.

அப்போதுதான் கவனித்தார். கோட்டைச் சுவருக்குப் பின்னால் எதிரிகள் ஐந்து பேரும் பதுங்கியிருந்தார்கள். எழுத ஏது நேரம்? வாய்விட்டே கத்தினார்.

“யுன்மோ, திரும்பு! எல்லாரும் பின்னால வாங்கடா!”

நாலு பேரும் சடாரென்று திரும்பினார்கள். வெறும் வெளியில் பாய்ந்த எதிரிகளைச் சுற்றி வளைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கோட்டை விழுந்தது. பூசான்!

ஆளாளுக்குக் கூச்சல் போட்டார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே யுன்மோ சொன்னான்:

“நல்லவேளைண்ணே! ‘திரும்பு’ன்னு நீங்க எழுதினதை மட்டும் படிக்காம விட்டிருந்தா நான் காலி!”

டேசொக் திரையைப் பார்த்தார். கண்ணை மறைத்தது நீர்.

அவர் ‘திரும்பு’ என்று எழுதவே இல்லை.