கழுத்துப்பட்டை

எரிபொருளை வடித்த பிறகும் விமான இறக்கைக்குள் இருக்கும் டேங்க்கில் ஒட்டியிருக்கும் மிச்சம், வெயிலில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அது தலைக்கேறினால் முதலில் வருவது சிரிப்பு, பிறகு மயக்கம். அதனால் டேங்க்குக்குள் நுழையும் எல்லோர் கழுத்திலும் ஒரு பட்டை. சிரிப்பைக் கேட்டால் அலறும். ஆளை மூன்று நாள் தனியறையில் அடைத்துவிடுவார்கள். சந்தோஷத்தில் சிரித்தேன் என்றால் பட்டைக்குப் புரியாது.

துரைக்கண்ணு உள்ளே படுத்து விரிசல் தேடிக்கொண்டிருந்தான். வெளியே, அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக் காவலிருந்த பிலோமினாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவன் மனைவிக்குப் பெண் குழந்தை.

“யாருக்கா போன்ல?”

“யாருமில்லடா. வேலைய முடி.”

“குரலே சரியில்லையே. மாமா திட்டினாரா?”

சொன்னால் சிரிப்பான். சிரித்தால் மூன்று நாளைக்குப் பிள்ளை முகம் பார்க்க முடியாது. பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சற்றுப் பொறுத்து உள்ளே சிரிப்புச் சத்தம். பட்டை அலறவில்லை.

“டேய், பட்டைய என்னடா பண்ண?”

“துணி சுத்திட்டேன்க்கா. சேதி வந்தா சிரிக்கணும்ல?” சொல்லிவிட்டு மறுபடி சிரித்தான்.

பிலோமினா ஆட்களைக் கத்திக் கூப்பிட்டாள். கயிற்றை இழுத்தாள். பாதியில் எங்கோ சிக்கிக்கொண்டது. துளைக்குள் தலையை நீட்டினாள்.

“பொண்ணு பொறந்திருக்குடா! ஊர்ந்து வாடா!”

சிரித்தான்.

“துரை, உம் பேரு என்னடா?”

அதற்கும் அதே சிரிப்புதான் வந்தது.